பத்து வெள்ளிச் சாட்சியம்

கோலா பிலாவில் நிகழ்த்திய நினைவு அறக்கட்டளைச் சொற்பொழிவு

தோட்டப் பள்ளிக்கே வாழ்நாளைக் கொடுத்த மறைந்த ஆசிரியர் ஐயாவின் பெயரால் நடக்கும் பொழிவு இது. ஐயாவைப் பற்றிப் பேச என்னைவிடத் தகுதியானவர்கள் முன்வரிசையில் இருக்கிறார்கள். மரபுக்காக நான்கு வரி சொல்லி அவர்கள் பொறுமையைச் சோதிக்க மாட்டேன்.

அழைப்பிதழில் தலைப்பு பெரிதாகப் போட்டிருக்கிறது: பணியிடம், தலைமை, பொதுநம்பிக்கை பற்றிக் கருத்தாய்வுகள் காட்டுவது என்ன? இதற்குள் இருக்கும் சண்டை உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். என் துறை நண்பர்கள் சிலரும் வந்திருக்கிறார்கள். தேநீருக்கு முன்பே அதைத் தீர்த்துக்கொள்ளலாம் என்றுதான் நானும் வந்திருக்கிறேன்.

நண்பர்கள் தரப்பு இது. வினாத்தாளை ஒழுங்காக அமைத்து, ஆட்களைச் சரியான விகிதத்தில் பொறுக்கி எடுத்தால் சமூகத்தின் மனம் தானே தெரியவரும். தோட்ட மக்களைக் கேட்டபோதெல்லாம் தோட்ட நிர்வாகியான துரையைப் பற்றியும் தொழிற்சங்கத்தைப் பற்றியும் கட்சியைப் பற்றியும் 'குறை ஒன்றுமில்லை' என்றுதான் சொன்னார்கள். ஆகவே குறை இல்லாமல்தான் இருந்தார்கள். 2007இல் திடீரென்று மாறினார்கள். நான் சொல்வது வேறு. யார் கேட்டார், எங்கே நின்று கேட்டார், பதில் சொன்னவனுக்கு அந்தப் பதிலால் என்ன செலவு? இம்மூன்றும் தெரியாமல் எந்தப் பதிலையும் அட்டவணையில் ஏற்றக் கூடாது. செலவில்லாமல் வந்த ஆயிரம் 'ஆமாம்'களைவிட, கைக்காசைப் போட்டுச் சொன்ன ஒரு 'ஆமாம்' எனக்குப் போதும்.

1936ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அந்த ஆண்டு அமெரிக்காவில் 'லிட்டரரி டைஜஸ்ட்' என்ற இதழ் ஏறத்தாழ ஒரு கோடி அட்டைகளை அனுப்பி, திரும்பி வந்த 24 லட்சத்தை எண்ணி, அதிபர் தேர்தலில் ரூஸ்வெல்ட் தோற்பார் என்று அறிவித்தது. ரூஸ்வெல்ட் மிகப் பெரிய வெற்றி பெற்றார். மிகச் சிறிய மாதிரியை வைத்துக்கொண்டு ஜார்ஜ் கேலப் அதைச் சரியாகக் கணித்திருந்தார். மாதிரி முக்கியம் என்ற பாடம் அன்றிலிருந்து வகுப்புதோறும் நடக்கிறது. நானும் நடத்தியிருக்கிறேன், மறுப்பில்லை.

அதே ஆண்டு டிசம்பரில் நம் பக்கம் ஒன்று நடந்தது. அதை யாரும் வகுப்பில் நடத்துவதில்லை. வலங்கைமானில் பிறந்த வி.எஸ். சீனிவாச சாஸ்திரி, மலாயாவில் இந்தியத் தொழிலாளர் நிலையை அறிந்து வர இந்திய அரசால் அனுப்பப்பட்டார். நேர்மையானவர், நம் மொழி தெரிந்தவர், தென்னாப்பிரிக்க இந்தியருக்காகப் பேசியவர். தோட்டங்களைப் பார்த்தார், விசாரித்தார். 1937இல் வெளிவந்த அவர் அறிக்கை, ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்ற பழைய நாள்கூலியைத் திரும்பக் கொடுக்கச் சொன்னது. தொழிலாளர் இங்கு வந்து வேலை செய்வதைத் தடுக்கக் காரணம் காணவில்லை. முந்திய ஆண்டு தோன்றியிருந்த மலாயா இந்தியர் மத்தியச் சங்கம் அந்த அறிக்கையைக் கடுமையாகத் தாக்கியது. 1938இல் இந்திய அரசே உதவிபெற்ற தொழிலாளர் குடிபெயர்வை நிறுத்திவிட்டது.

சாஸ்திரியின் அறிவையோ நேர்மையையோ நான் குறைசொல்லவில்லை. துரையின் விருந்தினராக, துரையின் காரில் வந்து இறங்கும் ஒரு கனவானிடம், கிராணியும் கங்காணியும் பக்கத்தில் நிற்கும்போது, மறுநாள் விடிகாலை பெரட்டுக்கு, அதாவது ஆள்கணக்கெடுப்புக்கு, நிற்க வேண்டிய ஒரு பால்மர வெட்டுக்காரர் என்ன சொல்வார்? 'நல்லாத்தான் இருக்கோமுங்க' என்பார். அதைப் பொய் என்று நான் எழுத மாட்டேன். கேட்டவருக்குத் தர வேண்டிய மரியாதை அது. குறையைச் சொன்னால் வெட்டுவதற்கு நல்ல மரநிரை போய் மேட்டு நிரை வரும் என்பது அவருக்குத் தெரியும்.

நான்கே ஆண்டுகள். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் வெடித்து சிலாங்கூர் முழுதும் பரவியது. வேலைநிறுத்தத்தின் தலைவர் ஆர்.எச். நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். துருப்புகள் சுட்டதில் தொழிலாளர்கள் இறந்தார்கள். அவர்கள் வைத்த கோரிக்கைகளைப் படித்துப் பாருங்கள். கூலி உயர்வு இருந்தது, எதிர்பார்த்ததுதான். கள்ளுக்கடையை மூடு, எங்கள் பெண்களிடம் அத்துமீறாதே, உறவினர் எங்களைப் பார்க்க வர விடு என்பவையும் இருந்தன. இன்னொன்று: துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும். எந்த ஆணையம், எந்த வினாத்தாள் சைக்கிளைப் பற்றிக் கேட்டது? கேட்பவருக்குத் தோன்றாத கேள்விக்குப் பதில் பதிவாகாது. சரியான மாதிரி இருந்தாலும் பதிவாகாது. நண்பர்களிடம் பல கூட்டங்களில் கேட்டுவிட்டேன். 'அது வரலாறு, ஆய்வுமுறை அல்ல' என்கிறார்கள்.

சரி, வினாத்தாளுக்கே வருவோம். மலாயாவில் மிகப் புகழ்பெற்ற வினாத்தாள் எது? 1952இல் தஞ்சோங் மாலிமில் பிரிட்டிஷ் உயர் ஆணையர் ஜெனரல் டெம்ப்ளர் கொடுத்தது. ஊர் முழுவதையும் ஒரு நாளில் 22 மணி நேரம் ஊரடங்கில் வைத்து, அரிசிப் பங்கீட்டைக் குறைத்து, வீட்டுக்கு வீடு தாள் கொடுத்து, பெயர் எழுத வேண்டாம், கம்யூனிஸ்டுகளைப் பற்றித் தெரிந்ததை எழுதிப் பெட்டியில் போடுங்கள் என்றார்கள். ஊர்ப் பிரதிநிதிகள் முன்னால் பெட்டிகள் திறக்கப்பட்டன. கைதுகள் தொடர்ந்தன. பெயர் மறைப்பு, பூட்டிய பெட்டி, முழு எண்ணிக்கை என்று பாடநூல் கேட்பவையெல்லாம் அதில் இருந்தன. அவசரகாலத்தில் முள்வேலிக்குள் குடியிருப்பு லயங்கள் நகர்த்தப்பட்ட தோட்ட மக்களும் இந்தச் செய்தியைக் கேட்டார்கள். கையில் தாளோடு வரும் அந்நியரைப் பார்த்து நம் பாட்டிமார் கதவைச் சாத்தியது அறியாமையால் அல்ல என்பதை மட்டும் சொல்லி மேலே போகிறேன்.

கெடாவில் ஒரு நெல்விளையும் கிராமத்தில் 1970களின் இறுதியில் தங்கி ஆய்வு செய்த ஜேம்ஸ் ஸ்காட், ஏழை விவசாயி பணக்காரர் முன் பேசுவதும் முதுகுக்குப் பின் பேசுவதும் வேறுவேறு என்று காட்டினார். உலகம் முழுதும் படித்தார்கள். ஆனால் அதே நாட்டில், அதே வெயிலில் நிற்கும் தோட்டத்துக்கு அந்தப் பாடம் பொருந்தாது என்பதுபோல் நம் துறை நடந்துகொள்கிறது.

இனி என் முதன்மைச் சான்று. இதைப் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறேன். கேட்டுச் சலித்தவர்கள் மன்னிக்க.

1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பத் தொடங்கின. வாங்கியவர்கள் துண்டு துண்டாக வெட்டி விற்றார்கள். துண்டாடல் என்ற சொல்லுக்கு அன்று லயத்தில் இருந்த பொருள் ஒன்றுதான்: வேலை போகும், வேலையோடு வீடும் போகும், வீட்டோடு பள்ளியும் கோயிலும் போகும். அதன் அளவை உங்கு அசீஸ் தலைமையில் மலாயாப் பல்கலைக்கழகம் ஆய்ந்து 1960களின் தொடக்கத்தில் வெளியிட்டது. அந்த ஆய்வு வெளிவருவதற்கு முன்பே, 1960இல், அன்று அமைச்சராகவும் மலாயா இந்தியர் காங்கிரஸ் (ம.இ.கா.) தலைவராகவும் இருந்த வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். திட்டம் எளிமையானது. ஒரு பங்கு 100 வெள்ளி. மாதம் 10 வெள்ளியாகக் கட்டலாம். சேர்ந்த பணத்தில் விற்பனைக்கு வரும் தோட்டத்தை முழுதாக வாங்குவது. தொழிலாளர் வேலையோடும் வீட்டோடும் அங்கேயே இருப்பது. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசினார். 1961இல் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது. அதன் பின் ஒன்றன்பின் ஒன்றாகப் பல தோட்டங்கள்; உறுப்பினர்கள் பல பத்தாயிரம்.

இந்தக் கதையைத் தலைவர் ஒருவரின் சாதனையாக எல்லாரும் சொல்கிறார்கள். சொல்லட்டும், தகும். நான் அதை வேறுவிதமாகப் படிக்கிறேன். தீபகற்பத்துத் தோட்டங்களில் நடந்த மிகப் பெரிய கருத்தாய்வு அதுதான். கேள்வி ஒன்றே ஒன்று: 'இந்த ஆளிடம், இந்தச் சங்கத்திடம், உன் பிள்ளைகளின் நாளையை ஒப்படைப்பாயா?' பதில் சொல்ல ஆகும் செலவு 10 வெள்ளி. நாள்கூலிக்கு உளியைத் தீட்டும் வீட்டில் அது பல நாள் உழைப்பு. சந்தைக்கடன், சீட்டு, பள்ளிச் சட்டை, திருவிழா வரி எல்லாவற்றோடும் போட்டி போட்டு ஜெயிக்க வேண்டிய காசு.

அது ஒருமுறைப் பதிலும் அல்ல. பத்து மாதத் தவணை என்பதால் ஒரே கேள்வி பத்து முறை கேட்கப்பட்டது. நான்காம் மாதம் சந்தேகம் வந்தவன் ஐந்தாம் மாதம் நிறுத்திவிடலாம். இன்று ஒரே ஆட்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் ஆய்வுக்கு நிறுவனங்கள் எவ்வளவு செலவழிக்கின்றன! இங்கே ஆய்வாளனுக்குச் செலவே இல்லை. பதில் சொன்னவன் தன் கைக்காசைப் போட்டான், பேரேட்டில் பதிந்தும் வைத்தார்கள். யார், எந்தத் தோட்டம், எந்த மாதம், எத்தனை தவணை, எங்கே நின்றது என்று சொல்லும் வினாத்தாள் எனக்குத் தெரிந்து இல்லை.

நண்பர்கள் மூன்று மறுப்பு வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது: அது நம்பிக்கை அல்ல, பயம். வீடு போய்விடும் என்ற பயத்தில் கொடுத்தார்கள். பயந்தார்கள், உண்மை. ஆனால் பயம் ஒருவனைப் பல திசைகளில் விரட்டும். கப்பலேறி ஊருக்குப் போகலாம். பட்டணத்துக்குக் கூலிக்குப் போகலாம். காசைத் தகரப்பெட்டியில் பூட்டி வைக்கலாம். மனைவிக்குத் தோடாக வாங்கிப் போடலாம். பயந்த காலத்தில்தான் மனிதன் காசை இறுகப் பிடிக்கிறான். அப்போது அதை ஒருவர் கையில் கொடுத்தான் என்றால் அந்தக் கையைப் பற்றி அவன் ஏதோ முடிவு செய்திருக்கிறான். பயம் ஏன் கொடுத்தான் என்பதை விளக்கும்; யாரிடம் கொடுத்தான் என்பதை விளக்காது.

இரண்டாவது: கேட்டவர் அமைச்சர். அமைச்சர் கேட்டால் தோட்டத்தில் யார் இல்லை என்பார்கள்? சாஸ்திரிக்கு நான் வைத்த வாதத்தையே எனக்குத் திருப்புகிறார்கள், கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் அமைச்சருக்குக் கொடுக்கும் மரியாதை மாலையோடும் கைதட்டலோடும் முடிந்துவிடும். காரின் புழுதி அடங்கியதும் கடமை தீர்ந்தது. மாதம் பிறந்து சம்பளம் வாங்கிய கையோடு, அமைச்சர் இல்லாத இடத்தில், பத்து மாதம் கட்டுவதற்கு மரியாதை போதாது. அதோடு, கட்டாதவர்களும் நிறையப் பேர் இருந்தார்களே! அமைச்சரின் சொல்லுக்கு அவ்வளவு வலிமை இருந்தால் எல்லாரும் அல்லவா கட்டியிருக்க வேண்டும்? மறுக்க முடிந்த கேள்வி என்பதற்கு மறுத்தவர்களே சாட்சி.

மூன்றாவதுதான் கனமானது: கட்டியவர்கள் சமூகத்தின் சரியான மாதிரி அல்லர். குறைந்த கூலிக்காரன், கடனாளி, நோயாளி வீட்டான் இவர்களுக்கு நம்பிக்கை இருந்தாலும் பத்து வெள்ளி இல்லை. பெண்களும் பால் வெட்டினார்கள், கூலி வாங்கினார்கள். பங்கு யார் பெயரில் எழுதப்பட்டது? இதை நான் ஏற்கிறேன். ஆனால் இதற்கு மருந்து அந்தப் பேரேட்டைத் தூக்கி எறிவது இல்லை. கூலிப் பட்டியலையும் பேரேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பது. இதைச் செய்ய ஒரு முனைவர் பட்ட மாணவரைத் தாருங்கள் என்று கேட்டுக் கேட்டு என் பணிக்காலம் முடிந்துவிட்டது. மாணவர்கள் எல்லாரும் ஐந்து புள்ளி அளவுகோலில் 'மிக ஒத்துக்கொள்கிறேன்' கட்டத்தை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

பேரேடு இன்னொன்றையும் காட்டும் என்று நினைக்கிறேன். சங்கம் தொடங்கிய மறு ஆண்டே தோட்டம் வாங்கப்பட்டது. கொடுத்ததற்கும் கண்ணால் காண்பதற்கும் இடையே ஒரு வருடம்தான். தலைமை மீதான நம்பிக்கையைப் பேச்சாற்றலோடும் சாதியோடும் மொழியோடும் முடிச்சுப் போட்டு எழுதும் கட்டுரைகளை நிறையப் படித்திருக்கிறேன். இந்த ஒரு வருட இடைவெளியைக் கணக்கில் எடுத்த கட்டுரை ஒன்றைக்கூடப் படித்ததில்லை. சம்பந்தனுக்குப் பின் வந்தவர்களின் பேச்சில் குறை ஒன்றும் இல்லை. அந்த இடைவெளிதான் நீண்டது.

நீண்டதற்குச் சான்று இரண்டு சொல்கிறேன், சுருக்கமாக.

மைக்கா ஹோல்டிங்ஸ் 1980களில் ம.இ.கா.வின் முதலீட்டு முயற்சியாக வந்தது. அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட பங்குதாரர்கள், 100 மில்லியன் வெள்ளிக்கும் மேல் மூலதனம். நகையை அடகு வைத்துப் பங்கு வாங்கியவர்கள் இந்த அவையிலேயே இருக்கக்கூடும். 1960இல் சம்பாதித்த நம்பிக்கையின் வட்டி அது என்பது என் வாதம்: அதே மக்கள், அதே கை, அதே கட்சி. 1990இல் நடந்த டெலிகாம்ஸ் பங்கு ஒதுக்கீட்டைப் பற்றிக் கேள்விகள் எழுந்தன. கடைசியில் 2010இல் ஒரு வெள்ளிப் பங்குக்கு 80 காசு என்று வேறொரு நிறுவனம் வாங்கிக்கொள்ள முன்வந்து கதை முடிந்தது. கால் நூற்றாண்டுக் காத்திருப்பு.

அடுத்தது நம் மாநிலத்துக் கதை. தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் 1954இல் உருவானது. அதை வழிநடத்திய பி.பி. நாராயணன் தொழிற்சங்க வாழ்க்கையைத் தொடங்கியது இந்த நெகிரி செம்பிலானில்தான். 1962இல் மக்சேசே விருது பெற்றவர், சர்வதேச சுதந்திரத் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் தலைவராகவும் இருந்தவர். அந்தச் சங்கத்தின் வாணிக முயற்சியான கேட்கோ, பகாவ் பக்கம் தொழிலாளர் குடும்பங்களைக் குடியேற்றியது. நிறுவனம் நொடித்தது, நிலம் கைமாறியது, குடியேறியவர்கள் நீதிமன்றப் படி ஏறினார்கள். கம்போங் கேட்கோ இங்கிருந்து தொலைவில் இல்லை. விவரம் என்னைவிட உங்களுக்குத் தெரியும்.

இந்த ஆண்டுகளிலெல்லாம் கூட்டங்களில் கைதட்டல் குறையவில்லை. நண்பர்கள் கைதட்டலைத்தான் அளந்துகொண்டிருந்தார்கள். 2007 நவம்பர் 25 அன்று கோலாலம்பூரில் இந்தியர் உரிமைக்கான ஹிண்ட்ராஃப் பேரணியில் பல்லாயிரம் பேர் திரண்டபோது 'திடீர்' என்று எழுதினார்கள். 2008 மார்ச் 8 பொதுத்தேர்தலில் ம.இ.கா. தலைவர் சாமிவேலு சுங்கை சிப்புட்டில் தோற்றார். சம்பந்தன் பிறந்த ஊர், அவர் நாடாளுமன்றத்தில் நின்ற தொகுதி. அங்கே தீர்ப்பு மாறியதைத் திடீர் என்பவர், பணம் எப்போது வருவது நின்றது என்று பார்க்கத் தவறியவர்.

கருத்துக்கணிப்பு நடத்தும் மெர்டேக்கா மையத்தை நான் குறைசொல்வதாக நினைக்க வேண்டாம். 2007 இறுதியில் இந்தியரிடையே பிரதமர் மீதான நிறைவு சரிந்ததை அவர்கள் பதிவுசெய்தார்கள். ஆனால் கணக்கைப் பாருங்கள். மக்கள்தொகையில் இந்தியர் 7 விழுக்காட்டை ஒட்டி. ஆயிரம் பேர் கொண்ட ஆய்வில் அந்த விகிதப்படி எழுபது பேர். ஆயிரத்துக்குப் பிழை எல்லை 3 விழுக்காடு என்றால் எழுபதுக்கு 12 விழுக்காட்டை எட்டும். அந்த எழுபதில் தோட்டத்தில் இருப்பவர் எத்தனை? அதை வைத்துக்கொண்டு 'மலேசிய இந்தியர் நினைப்பது' என்று தலைப்புப் போடும் பத்திரிகையாளர்களும் நம் மாணவர்கள்தாம்.

இன்றைய தோட்டத்தைப் பற்றிச் சில வார்த்தை. பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது; நம் பிள்ளைகள் போய் இந்தோனேசியரும் வங்காளதேசியரும் நேப்பாளியரும் வந்துவிட்டார்கள். செம்பனை எண்ணெய்க்கான ஆர்.எஸ்.பி.ஓ. சான்று 2004க்குப் பின் வந்த ஏற்பாடு. தணிக்கையாளர்கள் வந்து தொழிலாளரிடம் பேசிவிட்டுப் போவதும் அதில் அடங்கும். அப்படிப் பேசிவிட்டுப் போன பிறகுதான், 2020இல், கட்டாய உழைப்புக் குறியீடுகளைக் காரணம் காட்டி அமெரிக்கச் சுங்கத்துறை எஃப்.ஜி.வி., சைம் டார்பி பிளாண்டேஷன் ஆகிய இரு மலேசிய நிறுவனங்களின் எண்ணெயையும் தடுத்தது. சைம் டார்பி திருத்தங்கள் செய்து, 2023இல் அதன் மீதான தடை நீங்கியது. கடவுச்சீட்டு முதலாளி பெட்டியில் இருக்கும்போது 'உங்களுக்குத் திருப்தியா?' என்று கேட்பதும், சாஸ்திரி காலத்தில் கேட்டதும் ஒன்றுதான்.

இந்த மாவட்டத்தின் மலாய் மரபுவழக்கான அடாட் பெர்பாத்தே பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். குடும்பங்கள் புவாப்பாவையும், புவாப்பாக்கள் லெம்பாகாவையும், லெம்பாகாக்கள் உண்டாங்கையும், உண்டாங்குகள் ஸ்ரீ மெனாந்தியில் அரசரையும் தேர்ந்தெடுக்கும் முறை இங்கே வழங்க, சில கல் தள்ளி லயத்தில் யாரையும் யாரும் கேட்காத முறை வழங்கியது. இரண்டையும் ஒப்பிட்டு ஒருவர் எழுத வேண்டும்.

எழுத வேண்டியவை இன்னும் உண்டு. தொழிற்சங்கச் சந்தாவைக் கூலியில் பிடித்தது ஒரு புறம், கையால் கட்டியது மறு புறம். இரண்டையும் பிரித்து ஆய வேண்டும். மரண சகாய நிதிக் கணக்குகள். கோயில் திருப்பணி ரசீதுகள். யார் பொருளாளர் ஆனபோது வரவு ஏறியது, யார் ஆனபோது இறங்கியது? 1968 வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பின் குடியுரிமை இல்லாமல் ஊருக்குத் திரும்பியவர்கள், கட்டிய தவணையை என்ன செய்தார்கள்? குறைந்தபட்சக் கூலி 2013இல் 900 வெள்ளியில் தொடங்கி 2025இல் 1,700 ஆனது. அந்த உயர்வு யாருடைய கணக்கில் நம்பிக்கையாக ஏறியது, அரசா, சங்கமா? இவை ஒவ்வொன்றும் ஓர் ஆய்வேடு. இளையவர்கள் எடுத்துக்கொள்ளட்டும், தலைப்புக்கு என் பெயரைப் போட வேண்டியதில்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். 1960களின் பங்குப் பத்திரமோ, தவணை ரசீதோ, சங்கச் சந்தா அட்டையோ, கோயில் கணக்கு நோட்டோ உங்கள் வீட்டில் இருந்தால் வீடு மாறும்போது பழைய தாளோடு கட்டிப் போட்டுவிடாதீர்கள். மூலத்தை யாரிடமும் கொடுக்காதீர்கள், என்னிடமும் கொடுக்காதீர்கள். படி எடுத்து, எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, யார் பெயர் என்று பின்னால் எழுதி, அறங்காவலர்களிடம் சேர்த்துவிடுங்கள். படி எடுக்கும் செலவை அறக்கட்டளை ஏற்றுக்கொள்ளும் என்று, நான் மேடையேறும் முன் செயலாளர் ஒப்புக்கொண்டார்.